ஆரஞ்சுத் தோல் விழுந்த பெயின்ட்: ஏன் வருகிறது, எப்படி எடுப்பது

புதிதாக பெயின்ட் அடித்த கார் கதவுக்குப் பக்கவாட்டில் நின்று, மேலே எரியும் டியூப் லைட்டின் பிம்பம் அதில் எப்படி விழுகிறது என்று பாருங்கள். பிம்பத்தின் ஓரம் நேர்கோடாக ஓடினால் வேலை சுத்தம். ஓரம் நெளிந்து, பொடிப்பொடியாக உடைந்து தெரிந்தால் அதைத்தான் பெயின்டர்கள் ஆரஞ்சுத் தோல் என்கிறார்கள். கை வைத்துத் தடவினால் வழவழப்பாகவே இருக்கும், பளபளப்புக்கும் குறை இருக்காது. பிம்பம்தான் நிற்காது.

பளபளப்பு வேறு, சமதளம் வேறு. இதை முதல் நாளே மனதில் போட்டுக்கொள்ளுங்கள். புதிதாக வருகிறவர்கள் பாலிஷ் போட்டே இதைச் சரிசெய்யப் பார்ப்பார்கள். பாலிஷ் மேட்டையும் பள்ளத்தையும் சேர்த்தே மினுக்கிவிடும். குறை முன்பைவிட நன்றாகத் தெரியும், அவ்வளவுதான்.

கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், கோபாலபுரம் பக்கம் சின்ன ஒர்க்‌ஷாப்களில் தொழில் பழக வரும் பையன்களுக்காகவும், சொந்த வண்டியின் ஒரு கதவையாவது தானே அடித்துப் பார்க்கலாம் என்று நினைப்பவர்களுக்காகவும் இதை எழுதுகிறேன். நம் பக்கத்து ஷெட்டுகளில் பெரும்பாலும் பெயின்ட் பூத், அதாவது தூசி புகாத பெயின்ட் அறை, கிடையாது. தகரக் கூரை, இரண்டு பக்கம் தார்ப்பாய், கம்ப்ரசர், பெயின்டைத் தூவும் ஒரு கன். அதை வைத்துக்கொண்டு என்ன செய்ய முடியும் என்பதுதான் பேச்சு.

முதலில் இது அதுதானா என்று பாருங்கள்

சொரசொரப்பு எல்லாமே ஆரஞ்சுத் தோல் அல்ல. தனித்தனியாக ஒரு புள்ளி மட்டும் எழுந்து நின்றால் தூசி. நம் ஊரில் அது பெரும்பாலும் தென்னைநார்த் தூளாகவே இருக்கும், பொள்ளாச்சிச் சாலை நெடுக நார் மில்கள் அல்லவா? வட்டமாகக் குழி விழுந்து, நடுவில் பெயின்ட் விலகி அடிப்பூச்சு தெரிந்தால் அது மீன்கண். எண்ணெயோ, டயருக்கும் டேஷ்போர்டுக்கும் போடும் சிலிக்கான் பாலிஷோ தகட்டில் இருந்திருக்கிறது. கம்ப்ரசரிலிருந்து வரும் எண்ணெயும் இதைச் செய்யும். ஊசி குத்தியது போன்ற பொடித் துளைகள் என்றால், மேல்படலம் காய்ந்த பிறகு உள்ளே மாட்டிய தின்னர் வெடித்து வெளியேறியிருக்கிறது. தடவும்போது உப்புத்தாள் மாதிரி கையில் அறுத்தால், பெயின்ட் காற்றிலேயே காய்ந்து தூளாக விழுந்திருக்கிறது.

இவை ஒவ்வொன்றுக்கும் வைத்தியம் வேறு. மீன்கண் விழுந்த கதவைத் தேய்த்துப் பாலிஷ் போட்டால் குழி குழியாகவே இருக்கும். ஆரஞ்சுத் தோல் என்று உறுதியான பிறகு மேலே படியுங்கள்.

இன்னொன்றும் உண்டு. கம்பெனியிலிருந்து வரும் புது வண்டியிலும் கொஞ்சம் ஆரஞ்சுத் தோல் இருக்கும். அங்கே ரோபோ கையில் ஒரு சின்னக் கிண்ணம் நிமிடத்துக்குப் பல்லாயிரம் சுற்று சுழன்று, மின்னேற்றம் செய்த பெயின்டைத் தூவுகிறது. அப்படியும் முழுக்கச் சமமாகாது. பானட்டைவிடக் கதவில் நெளிவு அதிகம் தெரியும், ஏனென்றால் நின்ற தகட்டில் பெயின்ட் வழிந்துவிடாதபடி கொஞ்சம் முன்னதாகவே இறுகும் மாதிரி அமைத்திருப்பார்கள். தொழிற்சாலைகளில் 0.1 மில்லிமீட்டர் முதல் 30 மில்லிமீட்டர் வரை நீளமுள்ள அலைகளைத் தனித்தனியாக அளக்கும் கருவியே இருக்கிறது.

ஆகவே ஒரு கதவு மட்டும் அடிக்கும்போது உங்கள் குறி கண்ணாடி அல்ல, பக்கத்துக் கதவு. இரண்டு கதவுக்கும் நடுவே நின்று பார்த்தால் பிம்பம் ஒரே மாதிரி நெளிய வேண்டும். முன்கதவு தண்ணீர் போல நின்று பின்கதவு கம்பெனி நெளிவோடு இருந்தால், வண்டி வாங்க வருகிறவர் முதல் பார்வையிலேயே "இது அடிச்ச வண்டிங்க" என்று விலையைக் குறைப்பார்.

நிறத்தையும் கணக்கில் எடுங்கள். கறுப்பும் கருநீலமும் எதையும் மறைக்காது, வெள்ளை நிறைய மறைக்கும். 2022 அக்டோபர் வடக்கஞ்சேரி சுற்றுலாப் பேருந்து விபத்துக்குப் பிறகு கேரளத்தில் சுற்றுலாப் பேருந்துகளுக்கு வெள்ளை நிற விதியைக் கறாராக்கினார்கள். அப்படி வெள்ளைக்கு மாறிய பேருந்துகளைப் பத்தடி தள்ளி நின்று பாருங்கள், எல்லாமே நன்றாக இருக்கும். அதே கை, அதே கன், கறுப்புப் பானட்டில் வேறு கதை சொல்லும்.

துளி பெரிதா, நேரம் போதவில்லையா?

காரணங்களைப் பட்டியல் போட்டால் பதினைந்து வரும். மனப்பாடம் செய்ய வேண்டாம். கன்னிலிருந்து பெயின்ட் துளித்துளியாகப் பறந்து தகட்டில் விழுகிறது. விழுந்த துளிகள் ஒன்றோடொன்று சேர்ந்து, பரவி, படிந்து ஒரே படலமாக வேண்டும். அதற்குள் தின்னர் ஆவியாகிப் பெயின்ட் கெட்டியானால் துளிகள் விழுந்த மேடாகவே நின்றுவிடும். ஆக இரண்டே கேள்விகள்தான். துளி தேவைக்கு மேல் பெரிதாக விழுந்ததா? அல்லது பரவ நேரம் கிடைக்கவில்லையா?

துளி பெரிதாக விழுவதற்கு முதல் காரணம் பெயின்ட் கெட்டியாக இருப்பது. கலவையைக் கண்ணால் மட்டும் பார்த்து முடிவு செய்வது இங்கே பெரிய பழக்கம். குச்சியைத் தூக்கி, ஒழுகுவதைப் பார்த்து, "போதும்" என்பார்கள். நாற்பது வருடம் அடித்த கைக்கு அது சரி. புதியவர் ஒரு நாலாம் நம்பர் கப் வாங்கிக்கொள்வது நல்லது. அடியில் துளையுள்ள சின்னக் கிண்ணம்தான். நிரப்பி விரலை எடுத்ததும் போனில் ஸ்டாப்வாட்ச் ஓடட்டும், ஒழுக்கு முதல்முறை அறும் நொடியில் நிறுத்துங்கள். டூகே கிளியருக்கு, அதாவது இறுகவைக்கும் ஹார்டனரைக் கலந்து நிறத்துக்கு மேலே அடிக்கும் நிறமில்லாத பூச்சுக்கு, பொதுவாக 16 முதல் 20 விநாடிக்குள் வரும். ஆனால் டப்பாவில் என்ன போட்டிருக்கிறதோ அதுதான் கணக்கு. கிளியர், ஹார்டனர் விகிதமும் அப்படியே. இரண்டுக்கு ஒன்று என்று ஒரு டப்பா சொல்லும், நாலுக்கு ஒன்று என்று வேறொன்று சொல்லும். வேறு கம்பெனி ஹார்டனரைக் கலந்து சமாளிக்க வேண்டாம்.

ஹார்டனர் ஊற்றிய நொடியிலிருந்தே பெயின்ட் கெட்டியாகத் தொடங்குகிறது என்பதும் பலருக்கு உறைப்பதில்லை. பங்குனி வெயிலில் கலக்கி வைத்துவிட்டு டீ குடிக்கப் போய் வந்தால், கப்பில் இருப்பது போகும்போது இருந்த பெயின்ட் அல்ல. அதில் மேலும் தின்னர் ஊற்றி இளக்கினால் கன்னில் ஓடும், காய்ந்தபின் தரம் இருக்காது. ஒரு நேரத்துக்கு வேண்டிய அளவை மட்டும் கலக்குங்கள்.

இரண்டாவது காரணம் காற்று அழுத்தம். கம்ப்ரசரில் இருக்கும் மீட்டர் காட்டுவதை நம்பாதீர்கள். அது டேங்கின் கணக்கு. கன்னின் அடியில் ஒரு சின்ன ரெகுலேட்டரை மாட்டி, டிரிக்கரை முழுக்க அழுத்திப் பிடித்தபடி அதில் எவ்வளவு நிற்கிறது என்று பாருங்கள். சாதாரண கன்னுக்கு 2.5 முதல் 3.5 பார் வரை, குறைந்த அழுத்தத்தில் நிறையக் காற்றைத் தள்ளும் எச்.வி.எல்.பி. கன்னுக்கு 2 பாரை ஒட்டி. இதிலும் கன் தயாரித்தவர் சொல்லும் எண்ணே கடைசி. நீளமான ஒல்லி ஹோஸ் போட்டால் வழியிலேயே அரை பார், ஒரு பார் காணாமல் போகும். சாயங்காலம் ஊர் முழுக்க மோட்டார் ஓடும் நேரத்தில் வோல்டேஜ் இறங்கினால், சின்ன கம்ப்ரசர் மூச்சு வாங்கும். பானட்டின் இடதுபக்கம் நன்றாக வந்து வலதுபக்கம் நெளிந்திருந்தால், பாதியில் காற்று குறைந்ததா என்று முதலில் சந்தேகப்படுங்கள். ஏனென்றால் அழுத்தம் குறைந்தால் பெயின்ட் நன்றாக உடையாமல் தடித் துளியாக விழும். அதற்காக ஏகத்துக்கும் ஏற்றினால் துளி பொடியாகும்தான், ஆனால் போகும் வழியிலேயே தின்னர் பறந்து, இரண்டாவது கேள்வியில் போய் மாட்டும்.

நாசில் அளவு கிளியருக்கு 1.3 அல்லது 1.4 மில்லிமீட்டர். பிரைமர் அடித்த 1.8 நாசிலைக் கழற்றாமல் கிளியரையும் அடித்தால் என்ன ஆகும் என்று இனி நான் சொல்ல வேண்டியதில்லை.

நம் ஊர்க் காற்றும் வெயிலும்

பரவ நேரம் கிடைக்காத கதைதான் நம் பக்கம் அதிகம். நீலகிரிக்கும் ஆனைமலைக்கும் நடுவே சுமார் 30 கிலோமீட்டர் அகலத்தில் திறந்து கிடக்கும் பாலக்காட்டுக் கணவாயில் உட்கார்ந்து நாம் பெயின்ட் அடிக்கிறோம். ஆனி ஆடியில் மேற்கிலிருந்து ஈரக்காற்று, மார்கழி தையில் கிழக்கிலிருந்து வறண்ட காற்று. பங்குனி சித்திரையில் வெயில் 40 டிகிரியை ஒட்டிப் போகும். பெரும்பாலான பெயின்ட் கம்பெனிகள் 20, 25 டிகிரியை மனதில் வைத்துத்தான் நேரக்கணக்கு எழுதுகின்றன.

அதனால் தின்னரை வெயிலுக்குத் தக்கபடி மாற்ற வேண்டும். வேகமாக ஆவியாகும் தின்னர், நடுத்தரம், மெதுவாக ஆவியாகும் ஸ்லோ தின்னர் என்று வகை உண்டு. மாசி முதல் வைகாசி வரை ஸ்லோ இல்லாமல் கிளியர் அடிக்காதீர்கள். கடையில் "எல்லாத்துக்கும் இதுதாங்க" என்று பெயரில்லாத கேன் தின்னரைக் கொடுத்தால், அதைக் கன் கழுவ வைத்துக்கொள்ளுங்கள். தை மாதத்து விடியலுக்கு நிலைமை நேர்மாறு. தகடு குளிர்ந்து கிடக்கும், பெயின்டும் கெட்டிப்பட்டிருக்கும், துளிகள் நகரவே யோசிக்கும். வெயில் ஏறி ஷெட்டுக்குள் சூடு பரவிய பிறகு, காற்று கிளம்புவதற்கு முன் ஆரம்பிப்பது நல்லது.

தகட்டின் சூடு காற்றின் சூட்டைவிட முக்கியம். வெயிலில் நின்ற கறுப்பு பானட் 60 டிகிரியைத் தாண்டிவிடும். புறங்கையை வைத்துப் பாருங்கள், வைத்த கையை நிம்மதியாக அங்கேயே விட முடியவில்லை என்றால் இன்னும் ஒரு மணி நேரம் நிழலில் நிற்கட்டும். தண்ணீர் ஊற்றிக் குளிரவைக்கும் பழக்கம் வேண்டாம், மூலையிலும் ரப்பர் பீடிங்கிலும் தேங்கிய தண்ணீர் சரியாகக் கன் வரும்போது வெளியே வரும்.

மழைக்காலத்து ஈரம் ஆரஞ்சுத் தோலுக்கு நேரடிக் காரணம் அல்ல. ஹார்டனர் இல்லாமல் தின்னர் பறந்தே காயும் பழைய என்.சி. (நைட்ரோசெல்லுலோஸ்) பெயின்ட் அடித்தால் மேலே வெள்ளையாக மூடாக்குப் போடும், கம்ப்ரசரில் தண்ணீர் சேர்ந்து துளியாகத் துப்பும். டேங்கின் அடிக்குழாயைத் திறந்து தினமும் தண்ணீர் இறக்குங்கள்.

கன் பிடிக்கும் கை

கன்னுக்கும் தகட்டுக்கும் நடுவே 15 முதல் 20 சென்டிமீட்டர். விரித்த கையின் கட்டைவிரல் நுனியிலிருந்து சுண்டுவிரல் நுனி வரை ஏறக்குறைய அவ்வளவு வரும். தள்ளிப் பிடித்தால் துளி வழியிலேயே காயும். கை வீசும்போது மணிக்கட்டை வளைத்தால் நடுவில் ஈரமாகவும் இரண்டு ஓரத்திலும் காய்ந்தும் விழும், அதனால் தோளிலிருந்து முழுக்கையும் நகர வேண்டும். ஒவ்வொரு வீச்சும் முந்தையதில் பாதியையாவது மூட வேண்டும், கிளியருக்கு முக்கால் பங்கு மூடினாலும் தப்பில்லை.

புதியவர்களின் கதவில் ஆரஞ்சுத் தோல் விழுவதற்கு நான் பார்த்தவரை மிகப் பெரிய காரணம் பயம்தான். வழிந்துவிடுமோ என்று வேகவேகமாக, மெல்லியதாக அடிப்பார்கள். ஈரப்படலம் மெலிந்தால் அது சமமாகும் வேகம் படுவேகமாகக் குறையும். தடிமன் பாதியானால் வேகம் எட்டில் ஒரு பங்காகிவிடும், அதாவது கணக்கு தடிமனின் முப்படியில் போகிறது. அதே காரணத்தால்தான் கொஞ்சம் அதிகமானதும் சட்டென்று வழியவும் செய்கிறது. நல்ல படலம் வழிவதற்குச் சற்று முன்னால் நிற்கும் படலம். பக்கவாட்டில் விளக்கு ஒன்றை வைத்து, கன் தாண்டிப் போன இடத்தில் ஈரம் சேர்ந்து ஒரே மினுமினுப்பாகிறதா என்று கன்னின் பின்னாலேயே கண்ணை ஓட்டுங்கள். மினுமினுப்பு சேரவில்லை என்றால் கை வேகம் அதிகம்.

வண்டியில் அடிப்பதற்கு முன் பழைய கதவு ஒன்றிலோ, சுவரில் நிறுத்திய தகட்டிலோ பாருங்கள். அதற்கும் முன் செய்தித்தாளில் ஒரு நொடி முழு டிரிக்கர். நீள்வட்டமாக விழும், அதன் ஓரத்துத் துளிகள் நடுவைவிட மிகத் தடியாக இருந்தால் அழுத்தத்தைக் கொஞ்சம் ஏற்றுங்கள், இல்லையென்றால் பெயின்ட் திருகைக் குறையுங்கள்.

கோட்டுக்கும் கோட்டுக்கும் நடுவே விடும் நேரத்தைக் கடிகாரம் பார்த்து மட்டும் முடிவு செய்ய வேண்டாம். மாஸ்கிங் டேப்பின் மேல் விழுந்த கிளியரை விரலால் தொட்டுப் பாருங்கள். நூல் இழுத்தால் பொறுங்கள். ஒட்டும், ஆனால் நூல் வராது என்றால் அடுத்த கோட்டுக்கு நேரம். டப்பாவில் 5 முதல் 10 நிமிடம் என்று இருக்கும், மே மாதத்தில் அதற்கு முன்பே வந்துவிடும். பொறுமை இல்லாமல் கோட்டின் மேல் கோட்டாகப் போட்டால் தின்னர் உள்ளே சிக்கும், சுருங்கும்போது நெளிவும் வரும், ஊசித்துளையும் வரும்.

தொழில் பழகும் பையன்கள் கேட்பது ஒன்று உண்டு. "அண்ணா, முதல் கோட்டுல நெளிஞ்சிருச்சுங்க. மேல இன்னொண்ணு அடிச்சா மூடிக்குமுங்களா?" மூடாது தம்பி. கீழே உள்ள மேடு பள்ளம் கொஞ்சம் மட்டுப்பட்டு அப்படியே மேலே வரும். பிரைமரில் இருந்த நெளிவும் இப்படித்தான் ஏறி வரும். பிரைமர் காய்ந்ததும் மேலே கறுப்புத் தூளோ மெல்லிய வேறு நிறமோ பூசி, கட்டை வைத்து 400, 600, 800 நம்பர் பேப்பர் என்று தேய்த்து, பூசிய நிறம் முழுக்கப் போனபிறகே வண்டியின் நிறம் தரும் பேஸ் கோட்டுக்குப் போங்கள். பாதி ஆரஞ்சுத் தோல் அங்கேயே தீரும்.

மூச்சு

இதை நடுவில் சொல்வது வேண்டுமென்றேதான், கடைசியில் போட்டால் யாரும் படிப்பதில்லை. டூகே ஹார்டனரில் ஐசோசயனேட் என்ற ரசாயனம் இருக்கிறது. அது நுரையீரலுக்குப் பழகாது, மாறாக ஒருமுறை ஒவ்வாமை ஏற்பட்டுவிட்டால் பிறகு கொஞ்சம் பட்டாலே மூச்சுத் திணறும், தொழிலையே விட வேண்டிவரும். மூக்கில் தோர்த்துத் துண்டைக் கட்டிக்கொள்வது தூசிக்கே போதாது. வெளிக்காற்றைக் குழாயில் தரும் முகமூடிதான் சரியானது. அது இல்லாத இடத்தில் ஆவியைப் பிடிக்கும் கார்ட்ரிட்ஜ் உள்ள மாஸ்க்காவது இருக்க வேண்டும், கார்ட்ரிட்ஜை அடிக்கடி மாற்ற வேண்டும், காற்று ஓட வேண்டும். கண்ணாடி, கையுறை, முழுக்கைச் சட்டை. பீடி, அடுப்பு, வெல்டிங் எதுவும் பக்கத்தில் கூடாது. வீட்டுத் திண்ணையில் குழந்தைகளை வைத்துக்கொண்டு டூகே அடிக்கவே அடிக்காதீர்கள்.

விழுந்துவிட்டது, இனி?

விட்டுவிடலாம், தேய்த்து எடுக்கலாம், திரும்ப அடிக்கலாம். இந்த மூன்றில் ஒன்றைத் தேர்வதற்கு மேலே எவ்வளவு கிளியர் இருக்கிறது என்று தெரிய வேண்டும். இரண்டு நல்ல கோட் கிளியர் காய்ந்தால் 50, 60 மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு ஒரு மைக்ரான்) வரும். கம்பெனி கிளியர் பெரும்பாலும் 40, 50 மைக்ரான்தான், அடிப்பூச்சு எல்லாம் சேர்த்து மொத்தமே 100 முதல் 140க்குள். தேய்த்துப் பாலிஷ் போட்டு முடிக்கும்போது 5 முதல் 10 மைக்ரான் போய்விடும். வெயிலிலிருந்து நிறத்தைக் காப்பதே அந்தக் கிளியர்தான். அதை வங்கியில் கிடக்கும் வைப்புத்தொகை மாதிரி நினையுங்கள், எடுக்க மட்டும்தான் முடியும், போட முடியாது. கம்பெனி பெயின்டில் 7, 8 மைக்ரானுக்கு மேல் கை வைக்க வேண்டாம். அதனால் கம்பெனி நெளிவை எடுக்கிறேன் என்று புது வண்டியைத் தேய்ப்பதில் எனக்கு உடன்பாடு இல்லை.

தடிமன் அளக்கும் மீட்டர் இப்போது பல ஒர்க்‌ஷாப்களில் இருக்கிறது. இரும்பிலும் அலுமினியத்திலும் காட்டும், பிளாஸ்டிக் பம்பரில் காட்டாது. காட்டுவதும் மொத்தத் தடிமனைத்தான், கிளியரை மட்டும் பிரித்துச் சொல்லாது. 200க்கு மேல் வந்தால் அந்தத் தகடு முன்பே ஒருமுறை அடிபட்டது என்று வைத்துக்கொள்ளலாம்.

மேலே கிளியர் உண்டா, நிறம் நேராகவா என்பதையும் பாருங்கள். மறைவான இடத்தில் வெள்ளைத் துணியில் துளி ரப்பிங் கம்பவுண்ட் தொட்டுத் தேயுங்கள். துணியில் வண்டியின் நிறம் ஏறினால் கிளியர் இல்லாத பெயின்ட்.

நெளிவு லேசு, கிளியர் போதிய அளவு இருக்கிறது என்றால் தேய்ப்பு. ஆழமான நெளிவு, அல்லது மெல்லிய கிளியர் என்றால் திரும்ப அடிப்பது.

தேய்ப்பது

டூகே கிளியர் முழுதாகக் காயட்டும். நம் ஊர்ச் சூட்டில் ஒருநாள் விட்டு அடுத்த நாள் தேய்க்கலாம். ரொம்பத் தள்ளிப்போட்டாலும் கல்லாகிவிடும், கை வலிக்கும். என்.சி. பெயின்ட் பல நாள் சுருங்கிக்கொண்டே இருக்கும் என்பதால் அதற்கு அவகாசம் அதிகம் வேண்டும்.

வண்டியைக் கழுவி, கதவின் ஓரங்களிலும், நடுவில் ஓடும் மடிப்புக் கோடுகளிலும் மாஸ்கிங் டேப் ஒட்டுங்கள். பெயின்ட் எப்போதும் ஓரத்தில்தான் மெலிந்திருக்கும். வாட்டர் பேப்பரைப் பதினைந்து நிமிடம் தண்ணீரில் ஊற வையுங்கள், இரண்டு சொட்டு ஷாம்பு போதும். போர்வெல் தண்ணீரில் மணல் வரும் ஊர் நம்முடையது, ஒரே ஒரு மணல் கிடந்தாலும் நீளக் கீறல் போடும். துணியில் வடிகட்டிக்கொள்ளுங்கள். ஊறவைக்க ஒரு வாளி, அலச ஒரு வாளி என்று தனியாக இருக்கட்டும்.

பேப்பரை வெறும் விரலில் பிடித்துத் தேய்க்காதீர்கள். விரல் பள்ளத்துக்குள்ளும் இறங்கும், மேடும் பள்ளமும் சேர்ந்தே தேயும். கெட்டியான ரப்பர் கட்டையில் சுற்றினால்தான் மேட்டை மட்டும் வெட்டும். கொஞ்சம் தடித்த நெளிவுக்கு 1200இல் ஆரம்பிக்கலாம், வழக்கமாக 1500 போதும். கட்டையின் கனமே அழுத்தமாக இருக்கட்டும், வட்டமாக அல்லாமல் நேராகத் தேயுங்கள்.

இப்போது கவனிக்க வேண்டியது தேய்க்கும்போது பால் போல வடியும் தண்ணீர். வெள்ளையாக வந்தால் கிளியர் தேய்கிறது. சிவப்பு வண்டியில் பால் இளஞ்சிவப்பாக மாறினால், கிளியர் உள்ள பெயின்ட் என்றால், அந்த நொடியே கையை எடுங்கள். கிளியர் முடிந்து நிறம் வந்துவிட்டது, இனி தேய்த்துச் சரியாகாது. கிளியர் இல்லாத பெயின்டில் நிறப்பால் வருவது சகஜம்.

பத்துப் பன்னிரண்டு இழுப்புக்கு ஒருமுறை ரப்பர் வைப்பரால் தண்ணீரை வழித்துவிட்டுச் சாய்ந்து பாருங்கள். தேய்ந்த இடம் மங்கலாகவும், தேயாத பள்ளங்கள் மங்கலுக்கு நடுவே பொடிப்பொடியாக மினுங்கியும் தெரியும். அந்த மினுக்குப் புள்ளிகள்தான் மிச்சமிருக்கும் ஆரஞ்சுத் தோல். தேயத் தேயச் சுருங்கி, ஒன்றொன்றாக அணையும். எல்லாம் அணைந்த இடத்தில் அதற்கு மேல் ஒரு இழுப்பும் வேண்டாம். பக்கத்துக் கதவுக்கு ஒப்ப வேண்டுமென்றால், பொடிப் புள்ளிகள் கொஞ்சம் மிச்சமிருக்கும்போதே நிறுத்தலாம். இந்த நிறுத்தும் இடம்தான் கைத்திறன்.

அடுத்து 2000, திசையை மாற்றிக் குறுக்கே. முந்தைய பேப்பரின் கோடுகள் மொத்தமும் மறைந்ததா என்று இதனால் சுலபமாகத் தெரியும். பிறகு 3000. இந்த 3000ஐ நிறையப் பேர் விட்டுவிடுவார்கள். அப்படி விடுவதில் மிச்சமாகும் நேரத்தைவிடப் பிறகு மெஷினில் செலவாகும் நேரம் அதிகம். டேப்பை உரித்து, ஓரங்களை 3000 பேப்பரால் கட்டையில்லாமல் இரண்டு மூன்று தடவை மட்டும்.

மெஷின்

கம்பளிப் பேட், ரப்பிங் கம்பவுண்ட், ரோட்டரி மெஷின் என்றால் 1200 முதல் 1500 சுற்று. மெஷினை நகர்த்திக்கொண்டே இருங்கள், நின்ற இடத்தில் சூடேறிக் கிளியர் எரிந்துவிடும். ஓரம் வரும்போது பேட் தகட்டிலிருந்து வெளியே சுழல வேண்டும், ஓரத்துக்குள் வெட்டும் திசையில் சுழலக் கூடாது. ஒயரைத் தோளில் போட்டுக்கொள்ளுங்கள். பம்பர் பிளாஸ்டிக், சூட்டைக் கடத்தாது, அங்கே இன்னும் மெதுவாக. பிறகு ஃபோம் பேடில் நைசான பாலிஷ். முடிந்ததும் ஆல்கஹால் கலந்த தண்ணீரில் எண்ணெயைத் துடைத்துவிட்டு வெயிலில் நிறுத்திப் பாருங்கள். பாலிஷ் எண்ணெய் கீறலை நிரப்பி ஏமாற்றும். கறுப்பு வண்டியில் சுழல் கோடுகள் தெரிந்தால் ஃபோம் பேட் வேலை இன்னும் பாக்கி.

திரும்ப அடிப்பதானால்

800 அல்லது 1000 பேப்பரில் கட்டை வைத்து மினுக்குப் புள்ளி ஒன்றுகூட இல்லாமல் மட்டம் செய்யுங்கள். நிறம் வெளிப்பட்டால் பேஸ் கோட்டும் மறுபடி வேண்டும், மெட்டாலிக் நிறமாக இருந்தால் நிச்சயம். துடைத்து, எண்ணெய் நீக்கி, இரண்டு கோட் கிளியர். தேய்க்கும் எண்ணம் இருந்தால் முன்கூட்டியே மூன்றாவது கோட் போடுங்கள், நடுவில் போதிய நேரம் விட்டு. அடிப்பதற்கு முன் எதை மாற்றப் போகிறீர்கள் என்று முடிவு செய்துகொள்ளுங்கள்: தின்னரா, அழுத்தமா, கை வேகமா. எதையும் மாற்றாமல் அடித்தால் அதே கதவுதான் திரும்ப வரும். மூன்றையும் ஒன்றாக மாற்றினால் எது கோளாறு என்று கடைசிவரை தெரியாது.

நிறத்தையே மாற்றுவதாக இருந்தால் ஆர்.சி. புத்தகத்தில் மாற்ற வேண்டும் என்பதை வண்டிக்காரரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். கே.எல். 70 ஆனாலும் டி.என். 41 ஆனாலும் அதே விதிதான், எல்லையைத் தாண்டும்போது சோதனையில் நிற்பது அவர்.

வண்டியை வேறு கையில் கொடுப்பவர்களுக்கு

வேலைக்குக் கொடுக்கும்போதே மூன்று கேட்டுக்கொள்ளுங்கள்: டூகேயா என்.சி.யா, கிளியர் எத்தனை கோட், தேய்த்துப் பாலிஷ் போடுவது கூலியில் சேர்த்தியா. வண்டியை எடுக்கப் போகும்போது பகல் வெளிச்சத்தில் போங்கள். மின்கம்பமோ ஜன்னல் கம்பியோ கதவில் தெரியும்படி நிறுத்தச் சொல்லி, கோடு எவ்வளவு நெளிகிறது என்று புதுக் கதவையும் பழைய கதவையும் மாறிமாறிப் பாருங்கள். குறை இருந்தால் மெஷின் பிடிப்பதற்கு முன்பே சொல்வது இருவருக்கும் லாபம்.

கொண்டுவந்த பிறகு ஒரு மாதத்துக்கு வேக்ஸ் போட வேண்டாம், உள்ளே மிச்சமிருக்கும் தின்னர் வெளியேறட்டும். வெறும் தண்ணீரும் மென்மையான துணியும் போதும். நம் போர்வெல் தண்ணீர் உப்பு அதிகம், வெயிலில் சொட்டுச் சொட்டாகக் காய விட்டால் வெள்ளை வட்டம் பதிந்துவிடும், அதனால் கழுவிய கையோடு துடைத்துவிடுங்கள்.